எண்ணிம ஒளிப்படத் திருத்தம்: அடிப்படைச் சொற்களும் கருவிகளும்

எண்ணிம ஒளிப்படத் திருத்தம் என்பது கேமராவாலோ கைப்பேசியாலோ வருடியாலோ பதிவான ஒளிப்படத்தைக் கணினி மென்பொருளின் உதவியுடன் மாற்றியமைக்கும் பணியாகும். பேச்சுவழக்கில் இது ‘போட்டோ எடிட்டிங்’ எனப்படுகிறது. படத்தின் வெளிச்சம், நிறம், அளவு, கோணம் ஆகியவற்றைச் சரிசெய்வது, தூசி, கீறல் போன்ற பழுதுகளை நீக்குவது, பல படங்களை இணைப்பது ஆகியவை இதில் அடங்கும்.

கேமரா காணும் முறையும் மனிதக் கண் காணும் முறையும் வேறானவை. கண் கண்டதற்கு அருகில் படத்தைக் கொண்டுவருவது திருத்தத்தின் ஒரு வகை. கண் காணாத ஒன்றைப் படத்தில் உண்டாக்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் பயன்படும் கருவிகள் ஒன்றே என்பதால், ஒவ்வொரு கருவியும் என்ன செய்கிறது என்பதை அறிந்திருப்பது தேவையாகிறது. இக்கட்டுரையில் காஞ்சிபுரத்தின் பட்டுச் சேலையும் கோயில்களும் எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன. பளபளக்கும் சரிகை, கோணத்துக்கேற்ப மாறும் பட்டின் நிறம், உயர்ந்த கோபுரம், மங்கிய சுவரோவியம் ஆகியவை ஒளிப்படத் திருத்தத்தின் கடினமான கேள்விகள் பலவற்றை ஒரே ஊரில் எழுப்புகின்றன.

வரலாறு

ஒளிப்படத்தைத் திருத்தும் வழக்கம் கணினிக்கு மிக முந்தியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சாவூர், மதுரை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். அக்காலத்து எதிர்மங்கள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறுமையாகவே பதிவாகும். டிரைப் தம் காகித எதிர்மங்களின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்ட 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாகவும் ஆக்கினார். இன்று மென்பொருள்கள் ‘பனோரமா’ என்ற பெயரில் நொடிகளில் செய்யும் வேலை இதுவே.

பின்னர் தமிழகத்து ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்ற தனிக்கலை வளர்ந்தது. எதிர்மத்தின் மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால் அந்த இடம் அச்சில் வெளுப்பாக விழும். முகத்துச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையும் இவ்வாறு குறைக்கப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் வழக்கத்தில் இருந்தது.

எண்ணிமப் படத்தின் தொடக்கம் 1957 ஆகும். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை வருடிக் கணினியில் ஏற்றினார். அப்படத்தின் அளவு 176 × 176 படவணுக்கள் மட்டுமே. 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் தூக்கிச் செல்லத்தக்க எண்ணிமக் கேமராவை உருவாக்கினார். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற உடன்பிறப்புகள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-இல் வெளியானது. கட்டற்ற மென்பொருளான கிம்ப்பின் பணியை 1995-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து மாணவர்கள் இருவர் தொடங்கினர்.

எண்ணிமப் படத்தின் அமைப்பு

படவணு: எண்ணிமப் படம் சிறுசிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் படவணு அல்லது பிக்சல் எனப்படும். ஒரு படவணுவுக்கு ஒரு நிறம் மட்டுமே உண்டு. தறியில் பாவும் ஊடையும் குறுக்கிடும் புள்ளிகள் சேர்ந்து தொலைவில் மயிலாகவும் அன்னமாகவும் தெரிவதுபோல, படவணுக்கள் சேர்ந்து படமாகத் தெரிகின்றன. சேலைக்கு உருவமைப்பவர் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வடிவத்தை வரைவதும் இதே முறைதான்.

பிரிதிறன்: படத்தில் உள்ள படவணுக்களின் எண்ணிக்கையை இது குறிக்கும். 4000 × 3000 அளவுள்ள படத்தில் 1,20,00,000 படவணுக்கள் இருப்பதால் அது 12 மெகாபிக்சல் படம் எனப்படுகிறது. தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 படவணுக்கள் என்பது பொதுவான கணக்கு. இக்கணக்கில் 12 மெகாபிக்சல் படத்தை ஏறத்தாழ 13 × 10 அங்குல அளவில் அச்சிடலாம். படத்தைப் பெரிதாக்கினால் படவணுக்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, கேமரா பதிவு செய்யாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது.

நிறத்தடங்கள்: ஒவ்வொரு படவணுவின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு; மூன்றும் 255 என்றால் வெள்ளை; மூன்றும் சமமாக இடையில் இருந்தால் சாம்பல். 256 × 256 × 256 என்ற கணக்கில் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. கேமராவின் உணரியில் உள்ள புள்ளிகளுள் பாதி பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே உணர்கின்றன. பிரைஸ் பேயர் வகுத்த இவ்வமைப்புக்கு 1976-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. விடுபட்ட நிறங்களைக் கேமராவே அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறது. ஆகவே, கேமராவிலிருந்து வரும் வண்ணப்படம் ஏற்கெனவே ஒருமுறை கணக்கிடப்பட்ட படம்தான்.

கோப்பு வடிவங்கள்

ரா: உணரி பதிவு செய்த தகவலைப் பெரும்பாலும் அப்படியே சேமிக்கும் வடிவம். பொதுவாக 12 அல்லது 14 பிட் ஆழம் கொண்டது. 14 பிட் கோப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் 16,384 படிநிலைகள் உண்டு. திருத்துவதற்கு மிகுந்த இடம் தருவது இதுவே. கழுவப்பட்ட பின் திருத்தத்துக்குப் பயன்படும் பிலிம் எதிர்மத்துடன் இதை ஒப்பிடுவது வழக்கம்.

ஜேபெக்: 1992-இல் தரநிலையான வடிவம். கோப்பின் அளவைக் குறைக்க, கண் எளிதில் கவனிக்காத தகவலை இது விட்டுவிடுகிறது. ஒளி வேறுபாட்டைவிட நிற வேறுபாட்டைக் கண் குறைவாகவே நுணுகிக் காண்பதால், பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் நிறத்தகவல் குறைந்த பிரிதிறனில் சேமிக்கப்படுகிறது. பச்சை உடலில் மெல்லிய அரக்குக் கோடு ஓடும் சேலையில் அக்கோட்டின் ஓரம் கலங்கித் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும்.

பிஎன்ஜி: தகவல் இழப்பின்றிச் சுருக்கும் வடிவம். பின்னணி இல்லாத படங்களுக்கும் சின்னங்களுக்கும் ஏற்றது.

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தை அனுப்பும்போது அதன் அளவைக் குறைத்துச் சுருக்குகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் சென்று சேரும்.

ஒளியைத் திருத்தும் கருவிகள்

ஒளிப்பதிவளவு: ‘எக்ஸ்போஷர்’ என மென்பொருள்களில் காணப்படும் இது, படம் முழுவதன் வெளிச்சத்தையும் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

மாறுபாடு: வெளிச்சமான பகுதிக்கும் இருண்ட பகுதிக்கும் இடையிலான வேறுபாடு. ‘கான்ட்ராஸ்ட்’ எனப்படும். இதைக் கூட்டினால் படம் எடுப்பாகத் தோன்றும். மிகையானால் நிழலில் உள்ள மடிப்பும் வெளிச்சத்தில் உள்ள புட்டாவும் மறைந்துபோகும்.

ஹிஸ்டோகிராம்: படத்தில் உள்ள படவணுக்கள் எவ்வெவ்வளவு வெளிச்சத்தில் எத்தனை உள்ளன என்பதைக் காட்டும் வரைபடம். இடது ஓரம் கறுப்பு. வலது ஓரம் வெள்ளை. வரைபடம் வலது ஓரத்தில் மோதிச் செங்குத்தாக நின்றால் வெளிச்சப் பகுதியின் விவரம் இழக்கப்பட்டது என்று பொருள். இதற்கு ‘கிளிப்பிங்’ என்று பெயர். ஜேபெக் படத்தில் 255-ஐ எட்டிவிட்ட இடத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல் நிறமே வரும். அங்கிருந்த நெசவு திரும்பி வராது.

சரிகையைப் படமெடுப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். சரிகை கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அதன் சில புள்ளிகள் எப்போதும் வெளுத்தே விழும். அது இயல்பானது. ஆனால் முந்தானை முழுவதும் வெளுத்தால் அங்குள்ள வேலைப்பாடு மறைந்துவிடும். மேலும், ஒரே நிறம் செறிந்த சேலைகளில் ஒட்டுமொத்த ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதாகத் தோன்றும்போதே ஒரு தடம் மட்டும் நிரம்பி வழியக்கூடும். அரக்கு, வாடாமல்லி போன்ற நிறங்களில் சிவப்புத் தடம் முதலில் 255-ஐ எட்டிவிடும். அப்போது துணி மடிப்பற்ற வண்ணத்தாள்போலத் தட்டையாகத் தெரியும். ஆகவே மூன்று தடங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

லெவல்ஸ், கர்வ்ஸ்: லெவல்ஸ் கருவி கறுப்பு, நடு, வெள்ளை ஆகிய மூன்று இடங்களை நிர்ணயிக்கிறது. கர்வ்ஸ் கருவி ஒரு வளைகோட்டின் வழியாக எந்த வெளிச்ச நிலையையும் தனியே மாற்ற உதவுகிறது. கோட்டை மெல்லிய ‘எஸ்’ எழுத்து வடிவில் வளைத்தால் மாறுபாடு கூடும்.

டாட்ஜ், பர்ன்: படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளுப்பாக்குவது டாட்ஜ்; கருமையாக்குவது பர்ன். இப்பெயர்கள் இருட்டறையிலிருந்து வந்தவை. அச்சுத்தாளில் விழும் ஒளியைக் கையால் மறைத்தால் அவ்விடம் வெளுப்பாகும். கூடுதல் நேரம் ஒளி விழச் செய்தால் கருமையாகும்.

நிறத்தைத் திருத்தும் கருவிகள்

வெண்சமநிலை: பட்டுச் சேலை வாங்குவோர் அதனைக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதுண்டு. விளக்கொளிக்குத் தக்கபடி துணியின் நிறம் மாறித் தோன்றும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. ஒளியின் இந்த நிறத்தைச் சரிக்கட்டுவதே வெண்சமநிலை அல்லது ‘வைட் பேலன்ஸ்’ ஆகும். ஒளியின் நிறம் கெல்வின் அளவில் குறிக்கப்படுகிறது. பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி சுமார் 2,700 கெல்வின். நண்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின். மேகமூட்டமான வானம் 6,500 கெல்வினும் அதற்கு மேலும்.

மென்பொருளில் உள்ள சொட்டுக்குழாய் வடிவக் கருவியால் நிறமற்ற ஓர் இடத்தைத் தொட்டால், அது சாம்பலாகும்படி படம் முழுவதும் சரிசெய்யப்படும். எதைத் தொடுவது என்பதே கேள்வி. வெள்ளை வேட்டி நிறமற்றதுபோலத் தோன்றினாலும், துவைக்கும்போது போட்ட நீலமும் சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டியும் அதற்கு நீலச்சாயல் தருகின்றன. சாயம் ஏற்றாத பட்டு இளமஞ்சள் சார்ந்தது. எனவே, இதற்கென்றே விற்கப்படும் சாம்பல்நிற அட்டையைச் சேலையின் அருகில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது சிறந்த முறையாகும். ஒரே விளக்கொளியில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அதே அளவைப் பயன்படுத்தலாம்.

ஒரு பக்கம் சன்னல் வெளிச்சமும் மறுபக்கம் குழல் விளக்கும் விழும் இடத்தில் எடுத்த படத்தை ஒரே வெண்சமநிலையால் சரிசெய்ய முடியாது. மலிவான சில எல்இடி விளக்குகளின் ஒளியில் அடர்சிவப்புப் பகுதி குறைவு. அவ்வொளியில் அரக்கு மங்கிப் பதிவாகும். விளக்கில் இல்லாத நிறத்தைத் திருத்தத்தால் முழுமையாக மீட்க இயலாது.

நிறச்சாயல், நிறச்செறிவு: சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று நிறத்தின் வகையைக் குறிப்பது நிறச்சாயல். அந்நிறம் எவ்வளவு அழுத்தமானது என்பதைக் குறிப்பது நிறச்செறிவு. மாம்பழ மஞ்சளின் சாயலைச் சிறிது சிவப்புப் பக்கம் தள்ளினால் அது ஆரஞ்சாகும். செறிவைக் குறைத்தால் சந்தன நிறத்தை நெருங்கும். ‘வைப்ரன்ஸ்’ என்ற கருவி ஏற்கெனவே செறிவாக உள்ள நிறங்களை அதிகம் தொடாமல் மங்கிய நிறங்களை மட்டும் உயர்த்துகிறது.

நிறவெளி: ஒரு கோப்போ திரையோ காட்டக்கூடிய நிறங்களின் எல்லை நிறவெளி எனப்படும். இணையத்தில் பொதுவாகப் பயன்படுவது 1996-இல் எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி ஆகும். பட்டில் ஏறும் செறிவான சில நிறங்கள் இந்த எல்லைக்கு வெளியே விழக்கூடும். அப்போது திரை காட்டுவது அதற்கு மிக நெருங்கிய வேறு நிறத்தையே. திரைக்குத் திரை நிறம் மாறுவதால், திருத்தும் கணினித்திரையை அளவீட்டுக் கருவியால் சரிசெய்துகொள்வதற்குக் ‘காலிபரேஷன்’ என்று பெயர்.

இரட்டை நிறப் பட்டு: பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறிக் காட்டும். மயில்கழுத்து எனப்படும் நிறம் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. மேடாக எழும் மடிப்பில் ஒரு நிறமும் சரிவில் மற்றொரு நிறமும் தோன்றும். கேமரா ஒரு கோணத்தை மட்டுமே பதிவு செய்கிறது. எந்த நிறத்திருத்தமும் இக்குறையைத் தீர்க்காது. மடிப்புகளுடன் ஒன்று, தட்டையாக விரித்து ஒன்று, வேறு கோணத்தில் ஒன்று என மூன்று படங்களைக் காட்டுவதே இதற்குத் தீர்வு.

வடிவத்தைத் திருத்தும் கருவிகள்

வெட்டுதல்: ‘கிராப்’ எனப்படும் இது படத்தின் தேவையற்ற ஓரங்களை நீக்குகிறது. 4000 × 3000 படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் 2000 × 1500, அதாவது கால் பங்கு படவணுக்களே மிஞ்சும்.

நேராக்குதல்: சாய்ந்த தொடுவானத்தையோ கரையையோ கிடைமட்டமாக்குவது.

தோற்றக்கோணத் திருத்தம்: உயர்ந்த கட்டடத்தைக் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் அதன் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோலத் தெரியும். இதைச் சரிசெய்யும் கருவி ‘பெர்ஸ்பெக்டிவ்’ எனப்படும். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராசகோபுரம் கிருட்டிணதேவராயர் காலத்தது; ஏறத்தாழ 190 அடி உயரமுடையது. இத்தகைய கோபுரத்தைத் திருத்தும்போது ஒரு பிழை எளிதில் நேரும். கோபுரம் இயல்பாகவே மேலே குறுகும்படி கட்டப்பட்டது. அதன் ஓரக்கோடுகளைச் செங்குத்தாக்கினால் கோபுரம் அடுக்குமாடிக் கட்டடம்போல் ஆகிவிடும். உண்மையிலேயே செங்குத்தாக நிற்கும் வாயில் நிலைக்கால், மண்டபத் தூண், விளக்குக் கம்பம் ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். இத்திருத்தம் படத்தின் மேற்பகுதியை அகலமாக்கி உயர விகிதத்தையும் மாற்றக்கூடும் என்பதால், இறுதியில் விகிதத்தைச் சரிபார்ப்பது அவசியம்.

அளவு மாற்றம்: இணையத்துக்காகப் படத்தைச் சிறிதாக்கும்போது நெருக்கமான கட்டங்களும் கோடுகளும் உள்ள சேலைகளில், துணியில் இல்லாத அலைவடிவக் கோலங்கள் தோன்றலாம். இது ‘மொய்ரே’ எனப்படும். நெசவின் ஒழுங்கும் படவணுக்களின் ஒழுங்கும் ஒன்றோடொன்று மோதுவதால் இது உண்டாகிறது. சிறிதாக்குவதற்கு முன் படத்தை மிக மெல்லிதாக மங்கச் செய்வதாலும், படம் எடுக்கும்போதே தொலைவையோ கோணத்தையோ மாற்றுவதாலும் இது குறையும்.

தேர்வு, அடுக்கு, மறைப்பு

தேர்வு: படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது. கயிறுபோல் வரைந்து தேர்வது ‘லாசோ’ கருவி. ஒத்த நிறமுள்ள இடங்களைத் தேர்வது ‘மேஜிக் வாண்ட்’. வளைகோடுகளால் துல்லியமாக வரைந்து தேர்வது ‘பென்’ கருவி.

அடுக்கு: ‘லேயர்’ எனப்படும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே வரைவதற்கு இது ஒப்பானது. போட்டோஷாப்பில் 1994-இல் இவ்வசதி சேர்க்கப்பட்டது. அடுக்கில் செய்த மாற்றம் கீழேயுள்ள மூலப்படத்தைத் தொடுவதில்லை.

மறைப்பு: ‘மாஸ்க்’ எனப்படும். ஓர் அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. வெள்ளை தீட்டிய இடம் தெரியும். கறுப்பு தீட்டிய இடம் மறையும். சேலையின் உடல் நிறம் சரியாக இருந்து கரை மட்டும் இருண்டிருந்தால், வெளிச்சம் கூட்டிய அடுக்கைக் கரையில் மட்டும் தெரியச் செய்யலாம்.

மூலப்படத்தை அழிக்காமல் திருத்தும் இம்முறை ‘அழிவிலாத் திருத்தம்’ எனப்படுகிறது. செய்த எந்த மாற்றத்தையும் பின்னர் குறைக்கவோ கைவிடவோ இது இடம் தருகிறது.

பழுது நீக்கும் கருவிகள்

குளோன் ஸ்டாம்ப் என்ற கருவி படத்தின் ஓரிடத்தை அப்படியே படியெடுத்து வேறோரிடத்தில் பதிக்கிறது. ஹீலிங் பிரஷ் படியெடுத்த பகுதியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சுற்றுப்புறத்துடன் கலந்துவிடுகிறது. பழைய குடும்பப் படங்களின் கீறல், பூஞ்சைப் புள்ளி, மடிப்புத் தழும்பு ஆகியவற்றை நீக்க இவை பெரிதும் பயன்படுகின்றன.

எது பழுது, எது பொருளின் இயல்பு என்று பிரித்தறிவது இக்கருவிகளைப் பயன்படுத்துவோரின் பொறுப்பாகும். துணியின்மேல் விழுந்த நூல்துணுக்கும் கேமரா வில்லையில் இருந்த தூசியும் பழுது. காஞ்சிபுரச் சேலையின் கோர்வை இணைப்பு அவ்வாறன்று. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய வெவ்வேறு நாடாக்களால் ஊடை ஓட்டப்பட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நூல்கள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. முந்தானை உடலோடு சேரும் இடத்திலும் பிட்னி எனப்படும் இணைப்பு, மேலும் கீழுமான மெல்லிய கோடாகத் தெரிவதுண்டு. நெசவு அறியாத ஒருவர் இக்கோட்டைக் குறை என்று எண்ணி ஹீலிங் பிரஷால் துடைத்துவிட்டால், அது கைத்தறியில் நெய்தது என்பதற்குப் படத்தில் இருந்த சான்றையே அழித்துவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவால் படத்தில் புதிய பகுதிகளை உண்டாக்கும் வசதி 2023 முதல் போட்டோஷாப்பில் உள்ளது. கைப்பேசிச் செயலிகளிலும் இது பரவியுள்ளது. பின்னணியில் நிற்கும் வண்டியை நீக்க இது உதவும். ஆனால் இக்கருவி, மறைந்த பகுதியில் என்ன இருந்தது என்பதை அறியாது; என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. மடிப்பில் மறைந்த கரையை இவ்வாறு நிரப்பினால், நெய்தவர் போடாத உருக்கள் படத்தில் வந்துசேரும்.

கூர்மையும் இரைச்சலும்

கூர்மையாக்கம் என்பது விளிம்புகளின் இருபுறமும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கூட்டுவதாகும். குவியம் தவறிய படத்தை இது உண்மையில் மீட்பதில்லை. மிகையானால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக்கோடு தோன்றும். மென்மையான பட்டும் சாக்குத்துணிபோல் சொரசொரப்பாகத் தெரியும். இரைச்சல் என்பது குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களில் காணப்படும் மணல்போன்ற புள்ளிகள். இதை நீக்கும் கருவி புள்ளிகளுடன் நுண்ணிய நெசவையும் சேர்த்து வழித்துவிடக்கூடும். முகங்களை அழகாக்கும் ‘பியூட்டி’ வடிகட்டிகளும் இவ்வாறே தோலின் இயல்பான நுணுக்கத்தை வழிக்கின்றன.

மென்பொருள்கள்

போட்டோஷாப், லைட்ரூம் ஆகியவை கட்டணம் செலுத்திப் பயன்படுத்துபவை. கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். மாணவர்கள் செலவின்றி நிறுவிக்கொள்ளலாம். 2025-இல் வெளியான கிம்ப் 3.0 பதிப்பில் அழிவிலாத் திருத்த வசதி சேர்க்கப்பட்டுள்ளது. போட்டோபீ இணைய உலாவியிலேயே இயங்குகிறது. ஸ்னாப்சீட் கைப்பேசிகளில் பரவலாகப் பயன்படும் இலவசச் செயலி.

திருத்தும் வரிசை

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை பின்வருமாறு:

1. மூலக்கோப்பைத் தனியே சேமித்து, படியை மட்டும் திருத்துதல்.
2. வெண்சமநிலையைச் சரிசெய்தல்.
3. ஹிஸ்டோகிராமைப் பார்த்து வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் சரிசெய்தல்.
4. நேராக்குதல், தோற்றக்கோணம் சரிசெய்தல், வெட்டுதல்.
5. தூசி, கீறல் நீக்குதல்.
6. தேவையான பகுதிகளை மட்டும் மறைப்பின் துணையுடன் திருத்துதல்.
7. பொருளைப் பகல் வெளிச்சத்தில் அருகில் வைத்துத் திரையுடன் ஒப்பிடுதல்.
8. பயன்பாட்டுக்கேற்ற அளவுக்கு மாற்றி, கடைசியாகக் கூர்மையாக்கிச் சேமித்தல்.

வண்ணம் முதன்மையாக உள்ள பொருள்களுக்கு ஏழாவது படி மிக இன்றியமையாதது. பொருளை நேரில் பார்க்காமல், நினைவிலிருந்து மட்டும் நிறத்தைத் திருத்துபவர் தமக்குப் பிடித்த நிறத்தை நோக்கியே செல்வார்.

திருத்தத்தின் எல்லைகள்

திருத்தம் எதுவரை செல்லலாம் என்பது படத்தின் பயனைப் பொறுத்தது. திருமண அழைப்பிதழுக்கும் கலைப்படைப்புக்கும் கட்டுப்பாடு குறைவு. செய்தி, வணிகம், ஆவணம் ஆகிய மூன்றிலும் படம் ஒரு சாட்சியாகக் கருதப்படுவதால் அங்கு எல்லை இறுக்கமானது.

வணிகத்தில், நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி, இணையத்தில் விற்பவர் தம் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மைக்கு ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையெனில் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. காஞ்சிபுரம் பட்டு 2005–06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடும், தூய பட்டுக்கான சில்க் மார்க் முத்திரையும் பொருளுக்கு உரியவை. நல்ல படம் அவற்றுக்கு ஈடாகாது. செறிவைக் கூட்டிய படத்தை நம்பி வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பும்போது ஏமாற்றம் அவருக்கு மட்டும் நிற்பதில்லை. பல நாள் உழைத்து நெய்தவரின் துணி, அதில் எக்குறையும் இல்லாமலே குறையுள்ளதாகத் திரும்பி வருகிறது.

ஆவணப் பணியில் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் நல்ல எடுத்துக்காட்டு. பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இக்கோயிலின் சுவரோவியச் சிதைவுகளைப் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரே 1931-இல் வெளிக்கொணர்ந்தார். இத்தகைய மங்கிய ஓவியங்களின் கோடுகளைப் படிக்க, படத்தின் நிறங்களைச் செயற்கையாக விரித்துக் காட்டும் முறைகள் உதவும். பாறை ஓவிய ஆய்வில் உலகெங்கும் பயன்படும் டிஸ்ட்ரெட்ச் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடு இதில் தெளிவாகத் தெரியும். நிறமோ முற்றிலும் பொய்யானது. ஆகவே மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்து, எது எந்த முறையில் திருத்தப்பட்டது என்று குறிப்பிட வேண்டும். விடுபட்ட ஓவியப் பகுதியை வரைந்து நிரப்பி, அது திருத்தம் என்று சொல்லாமல் வெளியிட்டால், பின்வரும் மாணவர் அதையே பல்லவர் ஓவியமாகக் கொள்ள நேரும்.

பழைய படங்களைப் புதுப்பிக்கும்போதும் இதே ஒழுங்கு பொருந்தும். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படத்துக்கு இன்றைய செயலிகள் ஒரு நொடியில் வண்ணம் ஏற்றிவிடும். கூறைப்புடவை அரக்கா, பச்சையா என்பது அச்செயலிக்குத் தெரியாது. அது ஊகித்த நிறத்தையே பூசுகிறது. பெட்டியில் அந்தப் புடவை இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். கண்ட மூத்தவர் வீட்டில் இருந்தால் கேட்கலாம். அதன்பின் வண்ணம் ஏற்றி, வருடிய மூலப்படத்தையும் அழிக்காமல் உடன் வைத்திருப்பதே முறையாகும்.